திரும்பி வந்த லென்ஸ் என்னுடையது இல்லை. பணத்தை மட்டும் கொடுக்கச் சொல்கிறார்கள்

கேள்வி: பழைய கேமரா லென்ஸ்களை வாங்கி, துடைத்து, சோதித்து ஆன்லைனில் விற்கிறேன். போன மாதம் 50 மி.மீ. லென்ஸ் ஒன்று விற்றது. பார்சல் கைக்குப் போய் 12 நாள் கழித்து, "விவரித்தபடி இல்லை, ஆட்டோஃபோகஸ் வேலை செய்யவில்லை" என்று வாங்கியவர் ரிட்டர்ன் போட்டார். திரும்பி வந்தது அதே மாடல்தான், ஆனால் நான் அனுப்பிய லென்ஸ் இல்லை. முன் கண்ணாடியில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல். ஆத்திரத்தில் "திருடன்" என்று இரண்டு மெசேஜ் அனுப்பிவிட்டேன். தளமோ ரீஃபண்ட் கொடு என்கிறது. என்ன செய்வது? இனி "ரிட்டர்ன் கிடையாது" என்று போட்டுவிடலாமா?

பதில்: முதலில், ரீஃபண்ட் பட்டனை இப்போது அழுத்தாதீர்கள். அழுத்தினால் பெரும்பாலான தளங்களில் வழக்கு அத்தோடு மூடிக்கொள்ளும், மறுபடி திறப்பது பெரும்பாடு. அதற்காகப் பேசாமலும் இருந்துவிடாதீர்கள். இந்த மாதிரி வழக்குகள் பல, பதில் போடாததாலேயே தோற்கின்றன. ஈபேயை எடுத்துக்கொண்டால், ரிட்டர்ன் கோரிக்கை வந்து 3 வேலை நாளுக்குள் விற்பவர் அதைத் தீர்க்காவிட்டால், தளம் தலையிட வேண்டும் என்று வாங்கியவர் கேட்கலாம். உங்கள் தளத்தின் கெடு எத்தனை நாள் என்று வழக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

அடுத்தது அந்த இரண்டு மெசேஜ். அழிக்க முடியாது, கோப்பில் ஏறிவிட்டன. அந்தக் கோப்பைப் படிக்கப்போவது யார் என்று யோசியுங்கள். வாங்கியவர் இல்லை, நீங்களும் இல்லை. தளத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் ஒருவர். அவர் உங்கள் லென்ஸைத் தொட்டுப் பார்க்கப்போவதில்லை. வரிசையில் அடுத்த கோப்பு காத்திருக்கிறது. உங்களுக்கு இரண்டு வாரத் தூக்கமின்மை, அவருக்குச் சில நிமிட வேலை. இனி எழுதும் ஒவ்வொரு வரியையும் வாங்கியவருக்கு அனுப்புவதுபோல், ஆனால் அந்த மூன்றாவது ஆள் படிப்பதற்காக எழுதுங்கள். இந்த ஒன்று பிடிபட்டால், என்ன எழுதுவது என்ற குழப்பம் முக்கால்வாசி தீர்ந்தது.

அந்த மூன்றாவது ஆளுக்கு முன்னால் வைக்க வேண்டியது சீரியல் நம்பர். லென்ஸில் அது கேமராவோடு மாட்டும் முனைக்குப் பக்கத்திலோ, முன் கண்ணாடியைச் சுற்றிய வளையத்திலோ பொறித்திருக்கும். கையில் இருப்பதன் எண்ணைப் படமெடுங்கள். பிறகு, விற்பனைக்குப் போட்ட லிஸ்டிங் படங்களைத் திறந்து, முனை தெரியும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். போனில் இருக்கும் மூலப் படத்தில் எண் இன்னும் தெளிவாக விழுந்திருக்கலாம், அதையும் பாருங்கள். ஆனால் இரண்டிலும் எண் தெரிந்தால் லிஸ்டிங் படத்தை முன்னால் வையுங்கள். போன் படத்தை "அப்புறம் எடுத்தது" என்று எதிர்த்தரப்பு சொல்ல முடியும். லிஸ்டிங் படம் விற்பனைக்கு முன்பே தளத்தின் கைக்குப் போய்விட்டது, என்றைக்கு ஏற்றினீர்கள் என்பது அவர்களுக்கே தெரியும்.

எண் எந்தப் படத்திலும் விழவில்லையென்றால்? பழைய லென்ஸ் என்பது இங்கே உங்களுக்குச் சாதகம். புதுப் பொருள் இரண்டு ஒன்றுபோலவே இருக்கும், பழையவை இருக்காது. வளையத்தில் எந்த எண்ணின் வெள்ளைப் பெயின்ட் உதிர்ந்திருக்கிறது, ரப்பரின் எந்த ஓரம் வெளுத்திருக்கிறது, முனையின் உலோகத்தில் உரசல் எந்த இடத்தில் என்று பாருங்கள். இரண்டு படத்தையும் ஒரே கோணத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தை வட்டம் போட்டுக் காட்டுங்கள். பத்துப் படம் அனுப்பாதீர்கள். இரண்டே படம், ஒரே வட்டம். கீறலை மட்டும் காட்டுவது போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "அனுப்பும்போதே கீறல் இருந்தது" என்று அவர் ஒரே வரியில் மறுத்துவிடலாம். நீங்கள் நிரூபிக்க வேண்டியது இது வேறு லென்ஸ் என்பதை.

பார்சலின் எடை உங்கள் வழக்கில் உதவாது. அதே மாடல் என்பதால் போனதும் வந்ததும் ஒரே எடைதான் காட்டும். ஆனால் பெட்டியில் வேறு எதையாவது போட்டு அனுப்பும் ஆட்களும் உண்டு. அப்போது கூரியர் ரசீதுகளில் உள்ள இரண்டு எடைகளும் உங்களுக்காகப் பேசும். அவை மூன்றாம் தரப்பின் கணக்கு.

திரும்பி வந்த பெட்டியைத் திறக்கும்போது வீடியோ எடுத்தீர்களா? எடுக்காவிட்டால் போகட்டும். எடுத்திருந்தால், அது எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். நான் விற்பனையில் இருந்த காலத்தில் ஒரு வழக்கில் இதனாலேயே தோற்றேன். வீடியோ நல்ல தெளிவு, ஆனால் முதல் காட்சியிலேயே கத்தி டேப்புக்குள் பாதி இறங்கியிருந்தது. "அதற்கு முன் பெட்டியைத் திறந்து மூடவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. அதற்கப்புறம் பெட்டியின் ஆறு பக்கத்தையும் சுற்றிக் காட்டி, லேபிளில் ட்ராக்கிங் எண்ணைக் காட்டி, பிறகுதான் கத்தியை எடுப்பேன். நடுவில் கேமராவை நிறுத்துவதே இல்லை.

இனி, கசப்பாக இருந்தாலும் ஒன்று. அவர் ஏமாற்றுக்காரராக இல்லாமலும் இருக்கலாம். ஒரே லென்ஸ் இரண்டு வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் உண்டு, மாற்றிப் பெட்டியில் போட்டிருக்கலாம். ஆட்டோஃபோகஸ் புகாருக்கும் அப்பாவியான காரணம் இருக்க வாய்ப்புண்டு. நீங்கள் மாடலைச் சொல்லவில்லை. நிக்கானின் பழைய 50 மி.மீ. எஃப்/1.8 டி போன்ற லென்ஸ்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அந்த மோட்டார் இல்லை. மாட்டினால் படம் எடுக்கும், ஃபோகஸை மட்டும் கையால்தான் திருப்ப வேண்டும். வாங்கியவருக்கு அது தெரியாது, "வேலை செய்யவில்லை" என்று எழுதுவார். அவர் கண்ணுக்கு அதுதான் உண்மை. லிஸ்டிங்கில் "மோட்டார் இல்லாத கேமராவில் ஆட்டோஃபோகஸ் வராது" என்று ஒரு வரி இருந்தால் அந்தப் புகார் உங்கள் பக்கம் திரும்பாது. இல்லையென்றால், லென்ஸ் மாறிய விஷயத்தில் நீங்கள் ஜெயிப்பீர்கள், ரிட்டர்ன் காரணத்தில் தோற்பீர்கள். இரண்டையும் குழப்பாமல் தனித்தனியாகப் பேசுங்கள்.

வாங்கியவருக்கு இன்றே, தளத்தின் மெசேஜ் வழியாகவே இப்படி எழுதலாம்:

"வணக்கம். என் முந்தைய மெசேஜ்களின் தொனிக்கு வருந்துகிறேன். திரும்பி வந்த லென்ஸின் சீரியல் நம்பர், நான் அனுப்பியதன் எண்ணோடு ஒத்துப்போகவில்லை. இரண்டு படங்களையும் இணைத்திருக்கிறேன். உங்களிடம் இதே மாடல் இன்னொன்று இருந்து, பெட்டியில் மாறிப்போயிருக்கலாம். ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். நான் அனுப்பிய லென்ஸ் கைக்கு வந்த அன்றே முழுப் பணமும் திருப்பித் தருகிறேன். மாறி வந்ததை என் செலவில் உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன்."

நேர்மையானவர் என்றால் இந்த வாசல் வழியாக வெளியே வந்துவிடுவார். இல்லையென்றால் அவர் சொல்லும் பதிலோ, சொல்லாத பதிலோ கோப்பில் விழும். தளத்துக்கு எழுதும்போது முதல் வரியிலேயே முடிவைச் சொல்லுங்கள்: "வேறு சீரியல் நம்பர் கொண்ட லென்ஸ் திரும்பி வந்துள்ளது." பிறகு இரண்டு படம், தேதிகள், ட்ராக்கிங் எண்கள், நீங்கள் கேட்பது என்ன. அவ்வளவுதான். எத்தனை வருடமாக நேர்மையாக விற்கிறீர்கள் என்பது அங்கே தேவையில்லை.

அவரோ இன்னொருவரோ "கேஸை மூடிவிடுகிறேன், பணத்தை நேராக என் கணக்குக்கு அனுப்புங்கள்" என்றால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். தளத்துக்கு வெளியே கொடுத்த பணம் தளத்தின் கணக்கில் வராது, இரண்டு முறை கொடுக்க நேரும். "பாதிப் பணம் கொடு, இல்லையென்றால் ஒரு நட்சத்திரம் போடுவேன்" என்பதும் பழைய வித்தை. ரேட்டிங்கைக் காட்டி மிரட்டுவதை ஈபே வெளிப்படையாகவே தடை செய்திருக்கிறது. அந்த மெசேஜைத் தொடாமல் புகார் செய்யுங்கள், பேரத்தில் இறங்காதீர்கள்.

தளத்தில் ஜெயித்தாலும் அவர் கார்டு வங்கி வழியாக சார்ஜ்பேக் போடலாம், அதாவது கட்டிய பணத்தைத் திரும்ப எடுத்துத் தரும்படி வங்கியிடமே கேட்கலாம். விசாவில் "விவரித்தபடி இல்லை அல்லது பழுது" என்பதற்குத் தனிக் குறியீடே உண்டு, 13.3. பணம் பேபால் வழியாக வந்திருந்தால், செலுத்திய நாளிலிருந்து 180 நாள் வரை அவர் தகராறு எழுப்பலாம். அது தனிப் பாதை, தனிக் கெடு. தளத்தில் காட்டிய ஆதாரத்தை அங்கேயும் மறுபடி ஏற்ற வேண்டும், அவர்களாகப் பேசி வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஏற்கெனவே ரீஃபண்ட் கொடுத்திருந்தால் அந்த ரசீதுதான் முதல் ஆதாரம்.

"ரிட்டர்ன் கிடையாது" என்று போடுவது பற்றி. எனக்கு அதில் உடன்பாடில்லை, காரணம் தயாள குணம் இல்லை. முதலாவது, அது உங்களைக் காப்பாற்றாது. ரிட்டர்ன் ஏற்காத விற்பனையாளராக இருந்தாலும் "விவரித்தபடி இல்லை" என்ற புகார் ஈபேயின் உத்தரவாதத்துக்குள் வரும். ஐரோப்பிய ஒன்றியத்து நுகர்வோருக்குத் தொழிலாக விற்பவரென்றால், 2011-ல் வந்த நுகர்வோர் உரிமை நெறிமுறைப்படி, ஒருசில விலக்குகள் போக, காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் பின்வாங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. நீங்கள் எழுதி வைத்தாலும் அது போகாது. அதே நெறிமுறை இன்னொன்றும் சொல்கிறது: பொருளைச் சோதிக்கத் தேவையானதற்கு மேல் கையாண்டு மதிப்பைக் குறைத்தால், குறைந்த மதிப்புக்கு வாங்கியவர் பொறுப்பு. இதைப் பலர் கவனிப்பதில்லை.

இரண்டாவதுதான் முக்கியம். வாங்கியவருக்கு மனம் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். "பிடிக்கவில்லை" என்று சொல்ல வழியில்லை என்றால், அவருக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு "பழுது" என்று சொல்வது. வழி இருந்தாலும், பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பும் செலவு பெரும்பாலும் அவர் தலையில், பழுது என்றால் உங்கள் தலையில். பொய்யை மலிவாக்கி, உண்மைக்கு விலை வைத்திருக்கிறோம். சிறிய, விலை குறைந்த லென்ஸ்களுக்கு ரிட்டர்ன் கூரியர் செலவை நானே ஏற்கத் தொடங்கியதும் "பிடிக்கவில்லை" என்று நேராகச் சொல்பவர்கள் கூடினார்கள், பழுதுப் புகார்கள் குறைந்தன. பெரிய பொருளுக்கு இந்தக் கணக்கு கட்டுப்படியாகுமா என்று நீங்கள்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

எல்லா வழக்கையும் கடைசிவரை இழுக்கவும் வேண்டாம். அதிகாலை வரை உட்கார்ந்து எழுதும் அப்பீலுக்கும் செலவு உண்டு. ஆனால் விட்டுக்கொடுக்கும்போது தளம் எதைக் கணக்கில் எழுதுகிறது என்று பாருங்கள். அமேசானில் எதிர்மறை ரேட்டிங், ஏ-டு-இசட் புகார் (வாங்கியவர் அமேசானின் உத்தரவாதத்தின் கீழ் பணம் கேட்பது), சார்ஜ்பேக் மூன்றும் சேர்ந்த விகிதம் 1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். குறைவாக விற்பவருக்கு ஒரே ஒரு புகாரே அதை ஆட்டிவிடும். புகாராக மாறுவதற்கு முன்பே ரீஃபண்ட் கொடுத்து முடிப்பது சில சமயம் லாபம். உங்கள் வழக்கு அந்த ரகம் இல்லை. பொருளும் போய், பணமும் போகும் வழக்கு இது. சீரியல் நம்பர் கிடைத்துவிட்டால் அப்பீல் வரை போங்கள். காவல்துறையில் புகார் பதிந்து அதன் நகலையும் சேர்த்தால் சில இடங்களில் எடை கூடும்.

கையில் இருக்கும் அந்தக் கீறல் விழுந்த லென்ஸை விற்காதீர்கள், துடைக்கவும் வேண்டாம். வந்த பெட்டி, டேப், லேபிள் எல்லாவற்றோடும் அப்படியே கட்டி வையுங்கள், சார்ஜ்பேக் காலம் முடியும் வரை. இன்றைக்குச் செய்ய வேண்டியது பழைய லிஸ்டிங்கைத் திறப்பதுதான். விற்று முடிந்த லிஸ்டிங் தளத்திலிருந்து மறையும் முன் படங்களைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.