மழை விட்டும் வடியாத வயல்: வடிகால் கேள்வி பதில்

மழை நின்று மூன்று நாளாகியும் வயலில் தண்ணீர் நிற்கிறது. வாய்க்கால் போதுமா, குழாய் புதைக்கணுமா?

ஒரு குழி எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தேங்கும் இடத்தை ஒட்டி ஒரு மீட்டர் ஆழம் தோண்டி, மேல்தண்ணீர் உள்ளே இறங்காதபடி விளிம்பில் மண் அணையுங்கள். ஒரு நாள் கழித்துப் பார்க்கும்போது பக்கச் சுவர்களில் ஊறி, வயல் மேல்மட்டத்திலிருந்து அரை மீட்டருக்குள் தண்ணீர் ஏறி நின்றால் நிலத்தடி நீர்மட்டம்தான் பிரச்சினை. அதற்குத்தான் மண்ணுக்குள் புதைக்கும் துளையிட்ட வடிகால் குழாய்.

மேலே சேறு, குழியோ காய்ந்து கிடக்கிறது என்றால் கதை வேறு. கத்தியால் குழிச் சுவரை மேலிருந்து குத்திக்கொண்டே வாருங்கள். 20, 30 செ.மீ. வாக்கில் கத்தி ஏற மறுத்தால் டிராக்டர் அமுக்கிய கடினப் படுகை அது. மண் காய்ந்திருக்கும்போது ஆழ உழவு போட்டு அதை உடைத்து, மேலே வாய்க்கால் எடுங்கள். அங்கே குழாய் புதைப்பது பணத்தைப் புதைப்பது.

வாய்க்காலுக்குச் சரிவு எவ்வளவு?

100 மீட்டருக்கு 10 முதல் 30 செ.மீ. இறக்கம். குறைந்தால் வண்டல் படியும், கூடினால் அடிமண் அரிக்கும். கரை, களிமண்ணில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஒன்றரைப் பங்கு சாயட்டும். மணலில் இரண்டுக்கு மேல். டிராக்டர் குறுக்கே போகணும் என்றால் 30 செ.மீ. ஆழத்துக்குப் பக்கத்துக்கு இரண்டரை மீட்டர் சாய்த்து, தட்டு மாதிரி வெட்டுங்கள். வெட்டிய மண்ணைக் கரையிலேயே குவிக்காதீர்கள். அது வரப்பாகி, வயல் தண்ணீரை வாய்க்காலுக்குப் போகவிடாது.

ஐயா, இரண்டு ஏக்கர், களி கலந்த வண்டல். எத்தனை மீட்டர் குழாய் வாங்கணும்?

வயலில் வரிசையாகப் போடும் கிளைக்குழாய்கள் ஒரு மீட்டர் ஆழம், 12 மீட்டர் இடைவெளி என்று தொடங்கலாம். இரண்டு ஏக்கர் சுமார் 8,100 சதுர மீட்டர்; 12-ஆல் வகுத்தால் 675 மீட்டர். இவற்றின் தண்ணீரைச் சேர்த்து வெளியே கொண்டுபோகும் தாய்க்குழாய் தனி. கடும் களியாக இருந்தால் இடைவெளி 8 மீட்டருக்கு இறங்கும், மணற்பாங்கில் 25-ஐத் தாண்டும்.

குழாய் விட்டத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நாளொன்றுக்கு 10 மி.மீ. தண்ணீரை வெளியேற்ற வேண்டும் என்று வைத்தால் உங்கள் நிலத்துக்கு 81 கன மீட்டர், அதாவது நொடிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. 100 மி.மீ. நெளிகுழாய் 0.1 சதவீதச் சரிவில் நொடிக்கு ஏறக்குறைய 1.3 லிட்டர் கடத்தும். கணக்குப்படி போதும், ஆனால் வண்டல் படியாமல் இருக்க 0.2 சதவீதம் வையுங்கள்.

போன வருஷம் குழாய் போட்டோம். பாதி வயல்தான் காய்கிறது.

காய்ந்த பகுதி முடிந்து ஈரம் தொடங்கும் இடத்தில் தோண்டிப் பாருங்கள். பெரும்பாலும் குழாய் அங்கே தொய்ந்திருக்கும். 100 மி.மீ. குழாய் 5 செ.மீ. இறங்கினாலே அந்த இடத்தில் எப்போதும் பாதிக்குழாய் தண்ணீர் நிற்கும், வண்டல் அங்கேயே தங்கும். மேலிருந்து வரும் தண்ணீர் பின்னால் தேங்கும்.

பள்ளத்தை ஆழமாக வெட்டிவிட்டு, உதிரி மண்ணைப் போட்டு நிரவியிருப்பார்கள். அது பிறகு அமுங்கும். அப்படி அதிகம் வெட்டுப்பட்டால் சரளை போட்டு இறுக்குங்கள். வெட்டுவதையும் புதைப்பதையும் தண்ணீர் வெளியேறும் வாயிலிருந்து மேல்நோக்கியே செய்யணும். பத்து மீட்டருக்கு ஒரு முளை, ஒவ்வொரு முளைக்கும் 2 செ.மீ. ஏற்றம். மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கும் மட்டக்குழாயில் ஒரு காற்றுக்குமிழ் நின்றாலும் இந்த 2 செ.மீ. காணாமல் போகும். சேற்றில் குழாய் போடாதீர்கள், பள்ளச் சுவர் பூசினதுபோல் அடைபடும்.

துளை வழியே மண் புகாமல் இருக்கக் குழாய்க்குத் துணி சுற்றணுமா?

நுண்மணல், வண்டல் என்றால் ஆம். நல்ல களிக்குத் தேவையில்லை. பக்கத்து வடிகாலில் செம்பழுப்பாகக் கொழகொழவென்று படிந்திருந்தால் அது இரும்பு, துணியைச் சீக்கிரம் அடைக்கும். அங்கே துணி வேண்டாம், குழாயை அலசிவிட வசதி வையுங்கள்.

வெளிவாயில் கவனிக்க வேண்டியது?

கடைசி மூன்று மீட்டர் துளையில்லாத கெட்டிக்குழாய். எலி, தவளை நுழையாமல் கம்பித் தடுப்பு. வாய் வாய்க்காலின் வழக்கமான நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. மேலே இருக்கணும். அந்த உயரம் கிடைக்காவிட்டால் வாய்க்காலை ஆழப்படுத்துங்கள், இல்லையேல் தொட்டி கட்டி மோட்டார் வையுங்கள். இரண்டும் முடியாதென்றால் குழாய் வாங்கவே வேண்டாம்.