வெந்நீர் நச்சை வெளியேற்றுமா? குளியல் குறித்த வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

நாகர்கோவிலில் ஓரிடத்தில் கால் வழியாக நச்சு நீக்கும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் காலை வைத்து அரை மணி நேரத்தில் தண்ணீர் செம்பழுப்பாகிவிட்டது. இத்தனை கழிவா என் உடம்பில்? பத்து முறை வரச் சொல்கிறார்கள். போகலாமா? (வடசேரி வாசகர்)

போக வேண்டாம். அந்த நிறம் உங்கள் காலிலிருந்து வரவில்லை. தொட்டிக்குள் இருக்கும் உலோகத் தகடுகள் வழியாக உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாயும்போது தகட்டிலுள்ள இரும்பு அரிக்கிறது. நீங்கள் பார்த்தது அந்தத் துருவைத்தான். சந்தேகமிருந்தால், யாரும் காலை வைக்காமல் அதே அரை மணி நேரம் இயந்திரத்தை ஓடவிடச் சொல்லுங்கள். அப்போதும் தண்ணீர் பழுப்பாகும். உப்பைக் கூட்டினால் இன்னும் நன்றாகவே பழுப்பாகும். மஞ்சள் நிறம் வந்தால் சிறுநீரகக் கழிவு, கறுத்தால் கல்லீரல் கழிவு என்று அட்டவணை காட்டுபவர்களும் உண்டு. அந்தத் துணிச்சலைப் பாராட்டலாம், பணம் கொடுக்கத் தேவையில்லை.

உடம்பின் கழிவை அகற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, அதில் ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே விடுகின்றன. வியர்வையில் போவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். அதனால் குளியல் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். தசை தளர்கிறது, மனம் அடங்குகிறது, தூக்கம் வருகிறது. அதற்காகவே குளிக்கலாம்.

ரப்பர் பால் வெட்டும் வேலை. விடியுமுன் தோட்டத்துக்குப் போய், ஷீட் அடித்து முடிப்பதற்குள் தோளும் முழங்காலும் கழன்றுவிடும். எப்சம் உப்புக் குளியல் நல்லது என்கிறார்கள். எங்கள் வீட்டில் பாத் டப் கிடையாது. (குலசேகரம் வாசகி)

நம் மாவட்டத்தில் எத்தனை வீட்டில் இருக்கிறது? கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கும் அகலமான ஒரு பேசின் போதும். தண்ணீர் 38 முதல் 40 டிகிரி வரை இருக்கட்டும். முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. பதினைந்து நிமிடம் காலை வைத்துக்கொண்டு உட்காருங்கள். தடித்த துவர்த்தை (துண்டை) வெந்நீரில் முக்கிப் பிழிந்து தோளில் போட்டுக்கொள்ளுங்கள். ஆறினால் மறுபடியும் முக்கிக்கொள்ளலாம். எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட். அது தோல் வழியாக உள்ளே போய் வலி தீர்க்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வேலை செய்வது சூடுதான். ஆசைப்பட்டால் புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பில் ஒரு கைப்பிடி போடுங்கள். நொச்சி இலையும் போடலாம், மணம் நன்றாக இருக்கும்.

உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாலை உறைய வைக்கும் ஆசிட் கையில் பட்டிருந்தால், முதலில் ஓடும் பச்சைத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள், வெந்நீர் பிறகு. கையில் வெடிப்பு இருந்தால் உப்பு எரியும், அன்றைக்கு அதை விட்டுவிடுங்கள். துடைத்த ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவினால் வெடிப்பு குறையும்.

அப்பாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை நோய். பாதம் எரிகிறது என்று தினமும் வெந்நீரில் காலை வைக்கிறார். (குளச்சல் வாசகர்)

இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பாதம் எரிவது நரம்பு பாதித்ததன் அடையாளமாக இருக்கலாம். அந்தப் பாதத்துக்குச் சூடு சரியாகத் தெரியாது. தோல் வெந்த பிறகுதான் கண்ணில் படும், அந்தப் புண் எளிதில் ஆறாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைத்தால் போதும். தண்ணீரின் சூட்டை வேறொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். எரிச்சலுக்கு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கன்னியாகுமரிக் கடல் தண்ணீரைக் கேனில் கொண்டுவந்து வீட்டில் குளித்தால் பலன் கூடுமா? (கொட்டாரம் வாசகர்)

கேன் சுமந்த முதுகுக்கு வேறு வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு. அதை வீட்டிலேயே கரைத்துக்கொள்ளலாம், கரையோரத்து அழுக்கும் கூடவே வராது.

எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, வினிகர் மூன்றையும் கலந்து ஊறினால் தோல் பளிச்சென்று ஆகுமாமே? (மார்த்தாண்டம் கல்லூரி மாணவி)

சோடாவும் வினிகரும் சேர்ந்தால் நுரைத்து ஒன்றையொன்று முறித்துவிடும். எலுமிச்சைதான் ஆபத்து. அந்தச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளம் போட்டு, மாதக்கணக்கில் கருந்தழும்பு நிற்கும். வேண்டாம் மகளே.

ஆபரேஷன் செய்து குழந்தை பிறந்து பதினைந்து நாள். மாமியார் வேது வைத்து, அதாவது இலையும் பட்டையும் போட்டுக் காய்ச்சிய தண்ணீரை, கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டும் என்கிறார். மறுத்தால் வருத்தப்படுகிறார். (தக்கலை வாசகி)

வேதில் போடும் இலையும் பட்டையும் பொதுவாகக் கெடுதல் செய்வதில்லை. உங்கள் தோலுக்கு ஒத்துக்கொண்டால் இருக்கட்டும். ஆனால் சூட்டைக் குறைக்க வேண்டும், தையல் போட்ட வயிற்றில் ஓங்கி ஊற்றக்கூடாது. பிரசவித்த உடம்பில் ரத்தம் குறைந்திருக்கும். அதிகச் சூட்டில் ரத்தக்குழாய்கள் விரிந்து தலை சுற்றும், விழுந்துவிடுவீர்கள். ஸ்டூலில் உட்கார்ந்து குளியுங்கள், மாமியாரையே அருகில் நிற்கச் சொல்லுங்கள். அவருக்கும் மனம் குளிரும். குளித்ததும் தையலை ஒற்றித் துடைத்து ஈரமில்லாமல் வையுங்கள். தொட்டியில் ஊறுவதை மட்டும் மருத்துவர் சரி என்று சொல்லும் வரை தள்ளிப்போடுங்கள்.

தூக்கம் சரியில்லை. இரவில் மெழுகுவர்த்தி ஏற்றி அரை மணி நேரம் வெந்நீர்க் குளியல் எடுக்கிறேன். ஊர்க் காற்றுக்குப் பயந்து கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்துவிடுவேன். குளியலறையில் கேஸ் கீசர் உண்டு. எப்போது குளிப்பது நல்லது? (ஆரல்வாய்மொழி வாசகர்)

படுப்பதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்பு. வெந்நீரில் தோலுக்கு ரத்தம் கூடுதலாக வரும். பிறகு உடம்பின் உட்சூடு இறங்கும்போது தூக்கம் வரும். பத்து நிமிடமே போதும்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அடைத்த அறையில் கேஸ் கீசர் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. மயங்கிய பிறகு கதவைத் திறக்க ஆளிருக்காது. கீசரை வெளிச்சுவருக்கு மாற்றுங்கள். அதுவரை கதவைத் திறந்துவைத்து வாளியில் தண்ணீர் பிடித்து, கீசரை அணைத்துவிட்டு, அறையில் கொஞ்ச நேரம் காற்றோட்டம் விட்ட பிறகு குளியுங்கள். கீசருக்குப் பதிலாக வாளியில் ஹீட்டர் ராடு போடுவதாக இருந்தால், பிளக்கை உருவிய பிறகே தண்ணீரில் கை வையுங்கள்.