புரோட்டீன் பவுடர் பில்லைக் காட்டி வரியைக் குறைக்க முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 36, தனியார் நிறுவனத்தில் வேலை. அம்மாவுக்கு 67. மருத்துவர் எழுதிக் கொடுத்த கால்சியம், வைட்டமின் டி, புரோட்டீன் பவுடர் என்று அவருக்கு ஆண்டுக்கு நாற்பதாயிரம் ரூபாய் செலவாகிறது. உடற்பயிற்சிக்காக நானும் புரோட்டீன் வாங்குகிறேன். எல்லாவற்றையும் மருத்துவச் செலவாகக் காட்டி ரீஃபண்ட் வாங்கித் தருவதாகத் தெரிந்த ஒருவர் சொல்கிறார். வருவதில் ஒரு பங்கு கேட்கிறார். ஒப்படைக்கலாமா? – வாசகர், பெரம்பூர்

பதில்: ஒப்படைக்காதீர்கள். நீங்கள் உடற்பயிற்சிக்காக வாங்கும் பவுடருக்கு ஒரு ரூபாய்கூடக் கழிவு கிடையாது. அம்மாவின் மாத்திரைகளுக்கு வழி உண்டு. அவருடைய பவுடரைச் சேர்க்கச் சொல்லி நான் யாருக்கும் ஆலோசனை தருவதில்லை.

முதலில் நீங்கள் எந்த வரி முறையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். 2023-24 முதல், நீங்களாக வேறு சொல்லாவிட்டால் புதிய முறைதான். அதில் மருத்துவச் செலவுக்கான கழிவே இல்லை. பழைய முறைக்கு மாறினால் இந்தக் கழிவு கிடைக்கும், ஆனால் மொத்த வரி கூடிவிடக்கூடும். இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் மாறாதீர்கள்.

பழைய முறையில் உங்களுக்குப் பொருந்துவது 1961 வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவு (2026 ஏப்ரல் முதல் புதிய சட்டத்தில் அது 126ஆம் பிரிவு). 60 வயது நிறைந்த பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு இல்லாதபோது, அவர்களுக்காக நீங்கள் செய்யும் மருத்துவச் செலவில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை உங்கள் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கலாம். பணம் உங்கள் கணக்கிலிருந்து, ரொக்கமாக அல்லாமல், கார்டு, யுபிஐ, காசோலை போன்ற வழியில் போயிருக்க வேண்டும். அம்மா பெயரில் மருந்துச் சீட்டும் பில்லும் இருக்கட்டும்.

பலரும் இடறுவது காப்பீடு என்ற இடத்தில்தான், அதனால் அதை நிதானமாகச் சொல்கிறேன். அம்மாவின் உடல்நலக் காப்பீட்டுக்காக அந்த ஆண்டில் பிரீமியம் கட்டப்பட்டிருந்தால் இந்த மருத்துவச் செலவுக் கழிவு கிடையாது. தொகை சிறியதா பெரியதா என்பது கணக்கில்லை. ‘நாங்கள் பாலிசியே எடுக்கவில்லை’ என்று சொல்லும் சில வீடுகளில், அப்பா அரசு ஊழியராக இருந்து, அம்மா குடும்ப ஓய்வூதியம் வாங்குவார். அந்த ஓய்வூதியத்திலிருந்து மாதாமாதம் அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குச் சந்தா பிடித்துக்கொண்டிருப்பார்கள். வங்கியில் வரவு வைக்கும் தொகையை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது கண்ணில் படாது. அதுவும் காப்பீடுதான். ஓய்வூதியத்தில் பிடித்த தொகைகளின் விவரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் மருந்து பில்களை எடுங்கள். காப்பீடு அப்பாவின் பெயரில் மட்டும் இருந்து, அம்மா அதில் சேராதவர் என்றால், அம்மாவின் செலவுக்குத் தடை இல்லை.

இனி மாத்திரையும் பவுடரும். ‘மருத்துவச் செலவு’ என்றால் என்ன என்று 80டி விளக்கவே இல்லை. வயதானவர்களுக்கென்று ஒரு சலுகையைக் கொடுத்துவிட்டு, அதில் எது அடங்கும் என்று இரண்டு வரி எழுத இத்தனை ஆண்டுகளாக யாருக்கும் மனம் வரவில்லை. மருத்துவரே எழுதிக் கொடுத்து, மருந்துக்கடையிலேயே விற்கும் பொருள் மருந்தா உணவா என்று அட்டையைப் புரட்டிப் பார்க்கும் வேலை உங்கள் தலையில் விழுகிறது. வேறு வழியில்லை, புரட்டிப் பாருங்கள். மருந்து தயாரிப்பு உரிம எண் இருந்தால் அது மருந்து. எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எண்ணும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று பொருள்படும் ஆங்கில வாசகமும் இருந்தால் சட்டப்படி அது உணவு. மருத்துவச் சீட்டில் ஏறிவிட்டதால் அது மருந்தாகிவிடாது. வைட்டமின் டி இரண்டு விதமாகவும் விற்கிறது. அடுத்த முறை மருந்து வகையையே எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள், அவர் மறுக்க மாட்டார்.

பவுடரின் பெயரை மாற்றி ‘மருந்துகள்’ என்று மொத்தமாகப் பில் போட்டுத் தரச் சொல்லி மருந்துக்கடையில் கேட்காதீர்கள். பொய்ப் பில் தவறான தகவலாகக் கருதப்பட்டால் தப்பிய வரிக்கு மேல் 200 சதவீத அபராதம் வரும்.

ரீஃபண்டில் பங்கு கேட்பவர் உங்களுக்காக வேலை செய்யவில்லை. ரீஃபண்ட் பெருகப் பெருக அவர் பங்கும் பெருகும். அதனால் இல்லாத கழிவையெல்லாம் எழுதுவார். 2025 ஜூலையில் இப்படிப்பட்டவர்களைத் தேடி வருமான வரித்துறை நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. பொய்யாகக் கோரப்பட்டவற்றில் 80டியும் ஒன்று. அவர்களில் சிலர் தற்காலிக மின்னஞ்சல் முகவரியை உருவாக்கி, அதைக் கொண்டே பலருடைய வருமான வரிக் கணக்குகளைத் தாக்கல் செய்துவிட்டு, அப்படியே கைவிட்டுவிடுவார்கள். துறை அனுப்பும் நோட்டீஸை யாரும் திறப்பதே இல்லை. வரியும் வட்டியும் அபராதமும் ஏறுவது பான் எண்ணுக்கு உரியவர் தலையில்தான்.

அவரிடம் ஏற்கெனவே கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். வருமான வரி இணையதளத்தில் உங்கள் விவரப் பக்கத்தைத் திறந்து, அங்கே உள்ள மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். முந்தைய ஆண்டுகளில் அவர் தாக்கல் செய்த கணக்குகளையும் இறக்கிப் படியுங்கள். பொய்க் கழிவு ஏதும் இருந்தால், நோட்டீஸ் வருவதற்கு முன்பே, அதை நீக்கிப் புதுப்பித்த கணக்கைக் கூடுதல் வரியோடு தாக்கல் செய்ய வாய்ப்பு உண்டு. தாமதிக்கத் தாமதிக்க அந்தக் கூடுதல் வரி, பாக்கி வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25 சதவீதத்திலிருந்து 70 வரை ஏறும்.