இடது வளைவில் சக்கரம் தூக்கினால்

தம்பி, சுங்கை சிப்புட் செம்பனைத் தோட்டத்தில் குறும்படத்திற்காகக் கட்டிய சைட்கார் (மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் பூட்டும் ஒற்றைச் சக்கர வண்டி), இடது பக்கம் திரும்பும்போது சக்கரம் தூக்கிக் கவிழப் பார்க்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இடப்பக்கம் பூட்டிய வண்டியில் துணைவரை, அதாவது ஓட்டுநருடன் செல்பவரை, உட்கார வைத்ததுதான் காரணம். ‘ஷோலே’ இந்திப் படத்தில் (1975) வருவது உட்கார்ந்து போகும் சாலை வண்டி. 1980 முதல் உலகப் போட்டி நடக்கும் சைட்கார் மோட்டோகிராஸில், அதாவது மேடுபள்ள மண் தடப் பந்தயத்தில், துணைவருக்கு இருக்கையே கிடையாது. நிற்க ஒரு தளம், பற்றிக்கொள்ளக் கம்பிகள், அவ்வளவுதான். இடது வளைவில் அவர் சக்கரத்துக்கு வெளியே, முதுகு மண்ணை உரசும் அளவுக்குச் சாய வேண்டும். வலது வளைவில் ஓட்டுநருக்குப் பின்னால் தாவி, பின்சக்கரத்தின் மேல் எடையைப் போட வேண்டும். அவரும் முழுப் பந்தய வீரர். திரைப்படங்கள் அவரை வேடிக்கைப் பயணியாக்குவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. இருக்கையைக் கழற்றிவிடுங்கள். மழை விட்ட செம்மண் பாதையில் வேண்டாம். காய்ந்த திடலில் மெதுவாகப் பழகட்டும். இருவருக்கும் தலைக்கவசம் கட்டாயம், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.