தைராய்டு அழற்சி: மருத்துவப் பதிவேட்டில் உள்ள குறியீட்டைத் திருத்தச் சொல்லலாமா?

கேள்வி: நான் சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறேன். காய்ச்சலுக்குப் பின் எனக்குக் கடுமையான கழுத்து வலி வந்தது. இது தற்காலிகத் தைராய்டு அழற்சி, தானாகவே அடங்கிவிடும் என்றார் தனியார் மருத்துவமனை மருத்துவர், அவ்வாறே குணமானது. ஆனால் பதிவேட்டில் தன்னெதிர்ப்பு அழற்சிக்குரிய (உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கும் நோய்) குறியீடு இருப்பதைக் காட்டி, நான் விண்ணப்பித்த ஒருங்கிணைந்த காப்புறுதித் திட்டத்திலிருந்து தைராய்டு நோய்களைக் காப்புறுதி நிறுவனம் விலக்கிவிட்டது. குறியீட்டைத் திருத்தச் சொல்ல எனக்கு உரிமை உண்டா? எதையும் சொல்லாமல் வேறு நிறுவனத்தில் விண்ணப்பிக்கலாம் என்கிறார் என் கணவர்.

பதில்: உரிமை உண்டு, ஆனால் பிழை எங்கே நேர்ந்தது என்பதைப் பொறுத்தே அதன் எல்லை அமையும். நோய்களுக்குக் குறியீடு தரும் பன்னாட்டு வகைப்பாடான ஐசிடி-10-இல், உங்கள் மருத்துவர் கூறிய தற்காலிக அழற்சி, அதாவது குறைதீவிர அழற்சி, ஈ06.1 ஆகும். ஹஷிமோட்டோ எனப்படும், பலருக்கு வாழ்நாள் முழுவதும் மாத்திரை தேவைப்படும் தன்னெதிர்ப்பு அழற்சி ஈ06.3 ஆகும். மருத்துவர் வெறுமனே ‘தைராய்டு அழற்சி’ என்று மட்டும் எழுதியிருந்தால், வகை குறிப்பிடப்படாததற்கான ஈ06.9 இடப்பட்டிருக்க வேண்டும். குறியீடு இடுபவர் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துத் தாமாக நோயை முடிவுசெய்யக் கூடாது.

ஆகவே, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012-இன் 21-ஆம் பிரிவின்படி, மருத்துவரின் குறிப்புகள், பரிசோதனை முடிவுகள், குறியீட்டுப் பதிவு ஆகியவற்றின் நகல்களை முதலில் எழுத்துமூலம் கேளுங்கள். நியாயமான கட்டணம் கேட்கப்படலாம். மருத்துவரின் குறிப்பில் குறைதீவிர அழற்சி என்று இருந்து, குறியீடு மட்டும் மாறியிருந்தால், அது தகவல் பிழை. 22-ஆம் பிரிவின்படி திருத்தம் கோரலாம். பெரும்பாலோர் கவனிக்காத ஒரு பயன் இப்பிரிவில் உண்டு: திருத்தத்துக்கு முந்திய ஓராண்டுக்குள் அத்தகவலைப் பெற்ற பிற அமைப்புகளுக்கு, அது அவற்றுக்கு இனித் தேவையில்லை என்றாலொழிய, திருத்திய தகவலை மருத்துவமனையே அனுப்பவேண்டும். உங்கள் காப்புறுதி நிறுவனம் அந்த ஓராண்டுக்குள் பதிவைப் பெற்றதா என்பதை அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். மருத்துவமனை திருத்த மறுத்தால், நீங்கள் கோரிய திருத்தத்தையாவது பதிவில் குறித்துவைக்கும் கடமை அதற்கு உண்டு. மறுப்பு நியாயமற்றது எனக் கருதினால் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் மறுஆய்வு கோரலாம்.

மாறாக, தன்னெதிர்ப்பு அழற்சி என்று மருத்துவரே எழுதியிருந்தால் நிலைமை வேறு. நோயறிதல் ஒரு தொழில்முறைக் கருத்து என்பதால், அதை மாற்றும்படி மருத்துவமனையை 22-ஆம் பிரிவு கட்டாயப்படுத்தாது. அப்போது நாளமில்லாச் சுரப்பி நிபுணர் ஒருவரிடம் இரண்டாம் கருத்தைப் பெறுங்கள். தன்னெதிர்ப்பைக் காட்டும் டிபிஓ எதிர்ப்பொருள் பரிசோதனையும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் அளவு மாத்திரையின்றிச் சீராக நிற்பதும் அவரது அறிக்கைக்கு வலுவூட்டும். எந்த நிலையிலும் பழைய குறிப்பை அழித்துவிடுமாறு மருத்துவரைக் கேட்காதீர்கள். மருத்துவப் பதிவைத் தடயமின்றி மாற்றுவது அவரது தொழில் நெறிக்கே எதிரானது. தேதியிட்ட திருத்தக் குறிப்பே உங்களுக்கும் பாதுகாப்பு.

உங்கள் கணவரின் யோசனையை நான் அழுத்தமாக மறுக்கிறேன். அறிந்த உண்மைகளை முழுமையாகத் தெரிவிக்காவிட்டால் காப்புறுதி செல்லாமற்போகலாம் என்பது, காப்புறுதிச் சட்டம் 1966-இன்படி விண்ணப்பப் படிவத்திலேயே அச்சிடப்படும் எச்சரிக்கை. தைராய்டு பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதி, பிற்காலத்தில் தொடர்பற்ற ஒரு நோய்க்கான கோரிக்கையையும் இழக்கும் அபாயத்தை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. நிகழ்ந்ததை நிகழ்ந்தபடி எழுதி, ஆவணங்களை இணையுங்கள்.

விலக்கை நீக்குவது நிறுவனத்தின் வணிக முடிவு என்பதால், திருத்திய பதிவுடன் மறுபரிசீலனை கேட்பதே வழி. நீங்கள் குடிமகளாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால், ஒருங்கிணைந்த திட்டத்தின் அடித்தளமான, அரசின் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதிப் பகுதியில் முந்தைய நோய்களுக்கும் காப்பு உண்டு. இந்த விலக்கு அதைத் தொடாது. பின்னாளில் கோரிக்கை ஏதேனும் நிராகரிக்கப்பட்டால், நிறுவனத்தின் இறுதிப் பதில் கிடைத்த 6 மாதங்களுக்குள் ஃபிட்ரெக் எனப்படும் நிதித்துறைப் பிணக்குத் தீர்வு நிலையத்தை நாடுங்கள். அங்கு வழங்கப்படும் தீர்ப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், ஏற்காவிட்டால் நீதிமன்றம் செல்லும் உரிமை உங்களிடமே இருக்கும்.