“போர்தானே காரணம்?” – புலம்பெயர்ந்தவர்களின் மனநலம்: கேள்வி பதில்

டொரொன்டோவில் 16 வருடமாகப் புதிதாகக் குடியேறியவர்களுக்கு மனநல ஆலோசகராக இருக்கிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர்களையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, இந்த நாட்டில் பிறந்தவர்களைவிட வெளியில் இருந்து வந்தவர்களுக்கு மனநோய் கூட என்கிறார்கள். எங்கள் ஆட்களுக்குப் போர்தானே காரணம்?

போர் ஒரு காரணம், அதை மறுக்கவே முடியாது. டொரொன்டோத் தமிழர்களைப் பற்றி மோர்ட்டன் பைசர் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 12 சதவீதம் பேருக்கு பிடிஎஸ்டி என்கிற மனவடு இருந்தது. அவர்களில் சிகிச்சை பெற்றவர்களோ பத்தில் ஒருவர் அளவுதான். எனக்கு முதல் எண்ணைவிட இந்த இரண்டாவது எண்தான் அதிகம் வலிக்கிறது.

ஆனால் போரையே பார்க்காதவர்களின் கதையையும் கேளுங்கள். நோர்வேயிலிருந்து அமெரிக்காவின் மினசோட்டாவுக்குக் குடிபோனவர்களை ஓடகோர் என்ற நோர்வே மருத்துவர் ஆராய்ந்தார். அங்கே பிறந்தவர்களைவிட அவர்கள் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயோடு ஆஸ்பத்திரியில் சேர்வது ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 1932இல் எழுதினார். மனம் பலவீனமானவர்கள்தான் ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள் என்பது அவருடைய விளக்கம். அந்த விளக்கம் பல வருடம் நின்றது.

அதைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பை, நெதர்லாந்தின் ஆட்சியில் இருந்த தென்னமெரிக்க நாடான சுரினாம் தந்தது. 1975இல் அந்த நாடு சுதந்திரம் பெற்ற காலத்தை ஒட்டி, மக்களில் மூன்றில் ஒரு பங்கு நெதர்லாந்துக்குப் போய்விட்டார்கள். சுரினாம் மக்கள் மொத்தப் பேரும் போயிருந்தால் என்று வைத்துக் கணக்குப் போட்டாலும், நோய் விகிதம் நெதர்லாந்துக்காரரைவிடக் கூடுதலாகவே வந்தது. அப்படியென்றால் ‘பலவீனமானவர்கள் மட்டும் போனார்கள்’ என்று சொல்லித் தப்ப முடியாது.

லண்டன், நொட்டிங்ஹாம், பிரிஸ்டல் நகரங்களில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், கரீபியன் வழி வந்தவர்களிடம் மனச்சிதைவு வெள்ளைப் பிரித்தானியரைப்போல 9 மடங்கு. ஆனால் ஜமைக்கா, டிரினிடாட், பார்படோஸ் தீவுகளில் இருப்பவர்களிடம் அந்த அளவு இல்லை. வந்தவர்களைவிட அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஆபத்து கூட என்றும் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் எந்தப் போரையும் பார்க்கவில்லை, எந்த நாட்டையும் விட்டு வரவில்லை. அவர்கள் பார்த்தது பள்ளிக்கூடத்தில், வேலைத்தலத்தில், பொலிஸ்காரன் முன்னால் தங்களுக்குக் கிடைத்த இடத்தைத்தான். எனவே உங்களுக்கு என் பதில்: நாங்கள் கொண்டுவந்த காயம் ஒன்று, இங்கே வந்த பிறகு படும் காயம் இன்னொன்று. இரண்டாவதைப் பற்றி நாங்கள் கதைப்பதே இல்லை.

கேள்வி: அகதிக் கேஸ் போட்டு மூன்று வருடம். நித்திரை இல்லை. பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கூட இருக்கும் பெடியன்கள் சொல்கிறார்கள்.

தம்பி, காத்திருப்பதே ஒரு நோய்க்காரணி. நெதர்லாந்தில் அகதி விண்ணப்பம் போட்ட ஈராக்கியர்களை 2004இல் வெளியான ஓர் ஆய்வு பார்த்தது. வந்து ஆறு மாதம் ஆகாதவர்களில் 42 சதவீதம் பேருக்கு மனநோய்க்கான அடையாளம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தவர்களிடம் அது 66 சதவீதம். நீங்கள் பலவீனமான ஆள் என்று இதற்குப் பொருள் இல்லை. யாரை அப்படி நிறுத்தி வைத்தாலும் இப்படித்தான் ஆகும்.

பிஆர் கிடைத்தால் பாரம் குறையும், உண்மைதான். ஆனால் அதுவரை பொறுத்திருக்க வேண்டாம். அகதி விண்ணப்பதாரருக்கான இடைக்கால மத்திய சுகாதாரத் திட்டத்தில் மனநல உதவிக்கும் இடமுண்டு. குடும்ப டொக்டரிடமோ சமூக நல நிலையத்திலோ அந்தத் திட்டத்துக்கான பத்திரத்தைக் காட்டிக் கேளுங்கள். அப்புறம் ஒரு வேண்டுகோள்: கேஸ் யோசனையை இரவு பத்து மணிக்கு மேல் எடுக்காதீர்கள், வக்கீலின் மின்னஞ்சலைப் படுக்கையில் கிடந்து திறக்காதீர்கள். என்னிடம் வந்த பலருக்கு இது உதவியிருக்கிறது.

கேள்வி: மனநல டொக்டரைப் பார்த்தால் பிஆரோ சிட்டிசன்ஷிப்போ மறுப்பார்களா?

ஆலோசனைக்குப் போனதற்காக மறுக்க மாட்டார்கள். சிட்டிசன்ஷிப்புக்கு மருத்துவப் பரிசோதனையே கிடையாது. அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கு ‘சிகிச்சைச் செலவு அதிகம்’ என்ற காரணத்தைச் சொல்ல முடியாது என்று சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. இந்தப் பயத்தாலேயே வராமல் இருந்துவிட்டவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

கேள்வி: சென்னையில் சிவில் இன்ஜினியராக இருந்தேன். இங்கே வேர்ஹவுஸில் இரவு ஷிஃப்ட். வந்தபோது இருந்த உற்சாகம் இப்போது இல்லை. எரிச்சல்தான் வருகிறது, மனைவியிடம் கத்துகிறேன்.

கனடாவில் வந்த புதிதில் குடிவரவாளர்களுக்கு மனச்சோர்வு இங்கே பிறந்தவர்களைவிடக் குறைவு. 2000-01 சுகாதாரக் கணக்கெடுப்பிலேயே அது தெரிந்தது. படிப்பும் உடல்நலமும் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டு, நம்பிக்கையோடு வருகிறீர்கள். வருடங்கள் போகப் போக அந்த வித்தியாசம் தேய்ந்துவிடுகிறது. ஏன் தேய்கிறது என்பதற்கு உங்கள் கடிதமே ஒரு பதில். ‘கனடா அனுபவம் இல்லை’ என்ற ஒரே வரியில் பத்து வருட வேலை செல்லாக்காசு ஆகிறது. சம்பளத்தைவிட ‘நான் யார்’ என்பதுதான் அங்கே அடிபடுகிறது.

எரிச்சல், கத்துவது, குடி அதிகமாவது எல்லாம் ஆண்களிடம் மனச்சோர்வின் முகமாக இருக்கலாம். மனைவியிடம் மன்னிப்புக் கேளுங்கள், இதே கடிதத்தை அவரிடம் காட்டுங்கள். இன்ஜினியர் உரிமத்துக்கான வேலையை எவ்வளவு மெதுவாக என்றாலும் தொடருங்கள். வாரத்தில் ஒரு நாளாவது உங்கள் துறைக்காரர்களோடு பேசுங்கள்.

கேள்வி: ஸ்பொன்சரில் அம்மாவைக் கூப்பிட்டோம், வயது 71. ‘நெஞ்சு பாரம், பெருமூச்சு வருது’ என்கிறா. எல்லா ஸ்கேனும் எடுத்தாச்சு, ஒன்றும் இல்லையாம். டொக்டரிடம் என் மகள்தான் மொழிபெயர்ப்பது.

முதலில் பேத்தியை அந்த வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள். பேத்தி முன்னால் எந்த அம்மம்மா ‘எனக்கு வாழப் பிடிக்கவில்லை’ என்று சொல்லுவா? நோர்வேயில் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதைச் சட்டமே தடுக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே சொல்லுங்கள்.

பெருமூச்சு என்பது எங்கள் ஊரில் துயரத்தின் பெயர். ‘டிப்ரஷன்’ என்று அம்மா சொல்ல மாட்டா. ‘விசர்’ (பைத்தியம்) என்ற சொல்லுக்குப் பயந்து ‘ஒரே யோசனை’ என்றும் ‘தலையிடி’ என்றும்தான் சொல்லுவா. இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, நல்லது. இனி அவவின் நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். பத்தாம் மாடி, வெளியே பனி, நீங்கள் இருவரும் வேலைக்கு, பிள்ளைகள் ஆங்கிலத்தில். ஊரில் வேலிக்கு மேலால் பத்துப் பேரோடு கதைத்தவ. கோயிலோ முதியோர் ஒன்றுகூடலோ, வாரம் இரண்டு தடவை கூட்டிக்கொண்டு போங்கள். பஸ் ஏறவும் பழக்குங்கள். தானாகப் போய்வர முடிந்தால் பாதி மனிசி திரும்பி வந்த மாதிரி.

கேள்வி: தமிழர்கள் கூட இருக்கும் இடத்தில் இருப்பது நல்லதா? அப்படி இருந்தால் நாட்டோடு ஒட்டவே மாட்டோம் என்கிறார் கணவர்.

நெதர்லாந்தின் ஹேக் நகரில் செய்த ஆய்வில், தன் இனத்தவர் குறைவாக உள்ள பகுதிகளில் வாழ்ந்த குடிவரவாளர்களுக்குத்தான் மனச்சிதைவு கூடுதலாக இருந்தது. ஆட்கள் கூட உள்ள இடம் கவசம் மாதிரி. அதற்காக அங்கேயே கதவைச் சாத்திக்கொள்ளவும் வேண்டாம். ஜான் பெரி என்ற கனேடிய உளவியலாளர் நெடுங்காலம் ஆராய்ந்து சொன்னது, தன் பண்பாட்டையும் வைத்துக்கொண்டு புது நாட்டோடும் பழகுகிறவர்களின் மனநலம்தான் பொதுவாக நன்றாக இருக்கிறது என்று. இரண்டு பக்கமும் அறுந்தவர்கள்தான் மிகவும் கஷ்டப்படுகிறார்கள். ஆனால் பழகுவதற்கு எதிர்ப் பக்கமும் கதவைத் திறக்க வேண்டும். வாடகை வீடு கேட்கும்போது பெயரைக் கேட்டதும் ‘வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டது’ என்றால் யார் ஒட்டாதவர்?

கேள்வி: எனக்கு 17 வயது, இங்கேதான் பிறந்தேன். கை வெட்டிக்கொள்கிறேன். அம்மாவிடம் சொன்னால் “நாங்கள் பங்கரில் கிடந்தனாங்கள், உனக்கு என்ன குறை” என்பார்.

அம்மாவின் வலி உண்மை, உன் வலியும் உண்மை. ஒன்று பெரிது என்பதால் மற்றது பொய்யாகாது. இன்றைக்கே ஒரு பெரியவரிடம் சொல்லு, பள்ளிக்கூட ஆலோசகரோ சித்தியோ யாராவது. சாக வேண்டும் போல இருந்தால் கனடாவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்கு அழை, அல்லது குறுஞ்செய்தி அனுப்பு. இரவு பகல் எந்நேரமும் ஆள் இருக்கும். அம்மாவிடம் சொல்ல யாராவது பக்கத்தில் இருந்தால் நல்லது என்று நினைத்தால் எனக்குத் திரும்ப எழுது, அந்தக் கதையை எப்படித் தொடங்கலாம் என்று நாம் இருவரும் சேர்ந்து பார்ப்போம்.