அவர் கோல் அடிப்பார், சரி. அதற்காக?

கேள்வி:

வணக்கம். நானும் என் மகளும் பல வருடங்களாக ஒரே ஐரோப்பியக் கால்பந்து கிளப்பின் ரசிகர்கள். அவளுக்கு இப்போது பதினேழு வயது. சனிக்கிழமை இரவு மேட்ச் என்றால் டி.வி. எங்கள் இரண்டு பேருக்குத்தான். சமீபத்தில் எங்கள் கிளப் ஒரு ஃபார்வர்டை வாங்கப் பேசிவருவதாகச் செய்தி வந்தது. அபாரமான ஆட்டக்காரர். ஆனால் தன்னோடு வாழ்ந்த பெண்ணை அடித்ததற்காக நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர். "இவன் வந்தா இந்த சீசன் கப் நமக்குத்தான்" என்று நான் உற்சாகமாகச் சொன்னேன். "அவன் அடிச்சது கோல் மட்டும் இல்லப்பா" என்றாள் மகள். "வெளிய அவன் என்ன பண்ணா நமக்கென்ன? கோர்ட்டு தண்டனை குடுத்தாச்சு, முடிஞ்சுபோச்சு" என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து என்னோடு மேட்ச் பார்க்க உட்காருவதில்லை.

தண்டனை அனுபவித்தவருக்குப் பிழைப்பே கூடாதா? திறமையுள்ளவரை ஒரு கிளப் எடுப்பதில் என்ன தவறு? அவர் வந்துவிட்டால் இத்தனை வருடம் நேசித்த கிளப்பை நான் விட்டுவிட வேண்டுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நான் உங்கள் மகள் பக்கம். ஆனாலும் நீங்கள் கேட்டிருக்கும் முதல் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. தண்டனை முடிந்து வெளியே வருகிறவருக்கு வேலை வேண்டும், சம்பளம் வேண்டும், தலைநிமிர ஒரு வழி வேண்டும். அதை மறுக்கிற சமூகம் நல்ல சமூகமாக இருக்க முடியாது. உங்கள் மகளும் அதை மறுப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளை உறுத்தியது வேறு என்று நினைக்கிறேன். அதை விளக்க ஸ்காட்லாந்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கிர்க்கால்டி என்ற ஊரில் ரெய்த் ரோவர்ஸ் என்றொரு சிறிய கிளப் இருக்கிறது. 2022 ஜனவரி கடைசி நாளில், ஆட்டக்காரர்கள் கிளப் மாறும் டிரான்ஸ்ஃபர் காலம் முடியும் தறுவாயில், டேவிட் குட்வில்லி என்ற ஃபார்வர்டை அவர்கள் ஒப்பந்தம் செய்தார்கள். ஸ்காட்லாந்து தேசிய அணிக்கு ஆடியவர், கோல் அடிப்பதில் கெட்டிக்காரர். 2011-இல் அவரும் இன்னொரு ஆட்டக்காரரும் தன்னை வல்லுறவு செய்ததாக ஒரு பெண் புகார் கொடுத்திருந்தார். ஆதாரம் போதாது என்று சொல்லி அரசுத் தரப்பு குற்ற வழக்குத் தொடரவில்லை. அந்தப் பெண் விடவில்லை. சிவில் நீதிமன்றத்துக்குப் போனார். 2017-இல் தீர்ப்பு வந்தது. இருவரும் வல்லுறவு செய்தார்கள் என்று நீதிபதி முடிவு செய்து, 1,00,000 பவுண்டு இழப்பீடு கொடுக்கச் சொன்னார். மேல்முறையீடும் தோற்றது.

இவ்வளவும் தெரிந்துதான் ரெய்த் ரோவர்ஸ் அவரை எடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கிளப் சொன்ன விளக்கம், இது முதன்மையாக ஆட்டம் சம்பந்தப்பட்ட முடிவு என்பது. நீங்கள் உங்கள் மகளிடம் சொன்னதும் ஏறக்குறைய அதேதான்.

அடுத்த சில நாட்களில் நடந்தவற்றைப் பாருங்கள். கிளப்பின் பெண்கள் அணித் தலைவி விலகினார். இயக்குநர்கள் ராஜினாமா செய்தார்கள். துப்பறியும் நாவல்கள் எழுதும் வால் மெக்டெர்மிட் அந்தக் கிளப்பின் ஆயுட்கால ரசிகை, ஜெர்சி ஸ்பான்சர். அவருடைய அப்பா அதே கிளப்புக்காக இளம் ஆட்டக்காரர்களைத் தேடிக் கண்டுபிடித்தவர். அப்படிப்பட்டவர், இனி என் பணம் உங்களுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார். பிப்ரவரி 3 அன்று, ஒப்பந்தம் போட்ட அதே வாரத்தில், நாங்கள் செய்தது தவறு என்று கிளப்பின் தலைவர் மன்னிப்புக் கேட்டார். குட்வில்லி ஆடமாட்டார் என்றார். பெண்கள் அணியோ உறவை முறித்துக்கொண்டு, மெக்டெர்மிட் லேடீஸ் என்று பெயரையே மாற்றிக்கொண்டது. ஒரு மாதம் கழித்து, குட்வில்லியின் பழைய கிளப்பான கிளைட் அவரைக் கடனாகத் திரும்ப எடுத்தபோது அங்கேயும் பெண்கள் அணி வெளியேறியது. மைதானத்தின் சொந்தக்காரரான உள்ளாட்சி மன்றம், அவர் உள்ளே காலடி வைக்கக் கூடாது என்றது. அந்த ஒப்பந்தமும் நிலைக்கவில்லை.

இதில் என்னை உலுக்குவது கிளப் பின்வாங்கியது அல்ல. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தங்கள் சொந்தப் பெண்கள் அணியின் தலைவியைக் கூப்பிட்டு, "இவரை எடுக்கப்போகிறோம், நீ என்ன நினைக்கிறாய்?" என்று அவர்கள் பொருட்படுத்திக் கேட்டிருந்தால், அவர் விலகும் நிலையே வந்திருக்காது. ஒரு ஃபார்வர்டை வாங்கும் முன் முழங்காலை ஸ்கேன் எடுக்கிறார்கள், இதயத்தைச் சோதிக்கிறார்கள், கடந்த ஐந்து சீசனில் எந்தக் காலால் எத்தனை கோல் என்று கணக்குப் போடுகிறார்கள். நம் ஊரில் மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட நாலு இடத்தில் விசாரிப்பார்கள். அவன் கை நீட்டுவானா என்பது அந்த விசாரணையில் முதல் கேள்வி. கிளப்புகள் அந்தக் கேள்விக்கு மட்டும் பத்திரிகைகள் கத்திய பிறகுதான் வருகின்றன.

பிரேசிலில் சாண்டோஸ் கிளப்பும் இப்படித்தான் மாட்டிக்கொண்டது. 2013-இல் மிலானில் நடந்த கூட்டு வல்லுறவுக்காக ரொபினியோ என்ற பிரேசில் ஆட்டக்காரருக்கு இத்தாலிய நீதிமன்றம் 2017-இல் ஒன்பது வருடச் சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீடு நிலுவையில் இருந்த 2020 அக்டோபரில் சாண்டோஸ் அவரை எடுத்தது. ஸ்பான்சர்கள் கிளம்பியதும் ஒரே வாரத்தில் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது. பணம் போனபோதுதான் மனசாட்சி வந்தது. 2024-இலிருந்து அவர் பிரேசிலிலேயே அந்தத் தண்டனையை அனுபவிக்கிறார்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். திருந்தியவருக்கு மறுவாய்ப்பு என்கிறீர்கள். உலகம் முழுக்கக் கிளப்புகளும் அதையே சொல்கின்றன. ஆனால் அந்த மறுவாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது?

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது வேறு ஆட்டம்தான். ஆனாலும் இந்தச் சிக்கலை அவர்கள் அளவுக்குச் சந்தித்தவர்கள் குறைவு. ரே ரைஸ் என்ற ஆட்டக்காரர் 2014-இல் ஒரு லிஃப்ட்டுக்குள் தன் வருங்கால மனைவியை அடித்து மயக்கமுறச் செய்தார். அந்தக் காணொளி வெளிவந்ததும் அணி அவரை நீக்கியது. அதற்குப் பிறகு அவர் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. அதற்கு முந்தைய சீசனில் அவருடைய ஆட்டம் நன்றாகவே சரிந்திருந்தது. கரீம் ஹன்ட் 2018-இல் ஓட்டல் வராந்தாவில் ஒரு பெண்ணைத் தள்ளி, காலால் உதைத்த காணொளி வெளிவந்து நீக்கப்பட்டார். அதற்கு முந்தைய வருடம்தான் லீக்கிலேயே அதிகத் தூரம் பந்தோடு ஓடியவர் அவர், வயது இருபத்துமூன்று. மூன்று மாதம் முடிவதற்குள் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. இரண்டு செயல்களும் ஒரே தரத்தவை என்று நான் சொல்லவில்லை. முதலாவது மிகக் கொடூரமானது. ஆனால் ஒருவருக்குக் கதவு திறந்ததிலும் இன்னொருவருக்கு மூடியதிலும் திருந்தியதற்கு எவ்வளவு பங்கு, ஓட்டத்துக்கு எவ்வளவு பங்கு என்று நீங்களே எடைபோட்டுப் பாருங்கள். இப்படிப்பட்ட செயலைச் செய்த சுமாரான ஆட்டக்காரர் ஒருவரைக் கருணையோடு தேடிப்போய் எடுத்த பெரிய கிளப் எதையும் நான் கண்டதில்லை.

அதே பிரவுன்ஸ்தான் 2022-இல் டிஷான் வாட்சனை எடுத்தது. மசாஜ் செய்ய வந்த பெண்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் அவர்மேல் பாலியல் அத்துமீறல் புகாரோடு சிவில் வழக்குப் போட்டிருந்தார்கள். அவர் மறுத்தார். குற்ற வழக்குப் பதிவாகவில்லை. பெரும்பாலான வழக்குகள் பிறகு சமரசத்தில் முடிந்தன. பிரவுன்ஸ் அவருக்குப் பேசிய சம்பளம் ஐந்து வருடத்துக்கு 23 கோடி டாலர், முழுவதும் உத்தரவாதம் செய்யப்பட்ட தொகை. ஆனால் முதல் வருட அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பத்து லட்சம் டாலர் சொச்சமாக வைத்தார்கள். தடை விதிக்கப்பட்டால் பிடித்தம் அந்தச் சம்பளத்திலிருந்துதான். பிறகு அவருக்கு 11 ஆட்டத் தடையும் 50 லட்சம் டாலர் அபராதமும் வந்தன. தடையால் போன சம்பளமோ அவர் வாங்கிய தொகைக்கு முன்னால் சில்லறை. தடை வந்தாலும் வலிக்காதபடி சம்பளத்தை அடுக்கியிருந்தார்கள். மறுவாய்ப்பு கொடுப்பவர்கள் செய்கிற வேலையா இது? பின்னாளில் அந்த ஏற்பாடு குறிதவறிப் போனதாக உரிமையாளரே ஒப்புக்கொண்டார். வாட்சன் காயங்களோடு மல்லாடினார், அணியும் தேறவில்லை. அதை நான் என் வாதத்துக்குச் சாட்சியாக வைக்கமாட்டேன். அவர் கோப்பையே வாங்கிக் கொடுத்திருந்தாலும் அந்த ஒப்பந்தத்தை எழுதிய விதம் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்திருக்கும்.

அப்படியென்றால் யாரையுமே எடுக்கக் கூடாதா? எடுக்கலாம். லூக் மெக்கார்மிக் என்ற கோல்கீப்பர் 2008-இல் குடித்துவிட்டுக் கார் ஓட்டி, பத்து வயதும் எட்டு வயதுமான அண்ணன் தம்பி இருவரின் சாவுக்குக் காரணமானார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஏழு வருடம் நான்கு மாதத் தண்டனையில் ஒரு பகுதியைச் சிறையில் கழித்து 2012-இல் வெளியே வந்தார். அடுத்த வருடம் அவருடைய பழைய கிளப்பான பிளிமத் ஆர்கைல் அவரைத் திரும்ப எடுத்தது. அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களின் இடத்தில் நின்று பார்த்தால் எனக்கு அது இன்றைக்கும் நெஞ்சை அடைக்கிறது. ஆனாலும் அந்தக் கிளப் செய்ததைத் தவறு என்று சொல்ல என்னால் முடியவில்லை. செய்ததை மறுக்காதவர், சட்டம் கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தவர். இதே பிளிமத்தில்தான் 2017-இல் தீர்ப்பு வந்தபோது குட்வில்லி ஆடிக்கொண்டிருந்தார். தீர்ப்புக்குப் பிறகு சில நாட்களில் கிளப்பும் அவரும் பிரிந்தார்கள். தான் தவறு செய்ததாகவே குட்வில்லி ஏற்கவில்லை.

ஆர்சனல் அணியின் கேப்டனாக இருந்த டோனி ஆடம்ஸையும் சொல்ல வேண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக 1990 டிசம்பரில் சிறைக்குப் போனார். கிளப் அவரைக் கைவிடவில்லை. ஆனால் வெளியே வந்த உடனே அவர் மாறிவிடவில்லை, குடி தொடர்ந்தது. 1996-இல்தான், நான் குடிநோயாளி என்று ஊரறியச் சொன்னார். 2000-இல் தன்னைப்போல் அடிமைப்பட்ட விளையாட்டு வீரர்களுக்காக ஸ்போர்ட்டிங் சான்ஸ் என்ற சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். மாற்றம் வர ஆறு வருடம் ஆனது, வந்தபோது அது அவருடைய வாயிலிருந்தே வந்தது. உங்கள் கிளப் வாங்க நினைக்கும் ஃபார்வர்டு, தான் அடித்த பெண்ணைப் பற்றி இதுவரை வாய்திறந்து என்ன சொல்லியிருக்கிறார்? தேடிப் பாருங்கள். அவருடைய ஏஜென்ட் வெளியிட்ட அறிக்கையை இதில் சேர்க்காதீர்கள்.

குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள் விஷயம் இதைவிடக் கடினம். அங்கே உங்கள் மகளும் நானும் நிதானமாக இருக்க வேண்டும். செட் இவான்ஸ் என்ற ஆட்டக்காரர் 2012-இல் வல்லுறவு வழக்கில் தண்டிக்கப்பட்டார். 2014-இல் வெளியே வந்தபோது அவரை எடுக்க முயன்ற கிளப்புகள் எதிர்ப்பால் பின்வாங்கின. 2016-இல் அந்தத் தண்டனை ரத்தாகி, மறுவிசாரணையில் அவர் விடுதலையானார். பெஞ்சமின் மென்டி என்ற ஆட்டக்காரர் வல்லுறவு வழக்கில் கைதானபோது அவருடைய கிளப்பான மான்செஸ்டர் சிட்டி சம்பளத்தை நிறுத்தியது. 2023-இல் அவர் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுபட்டார். நிறுத்திய சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுக்க வேண்டும் என்று 2024-இல் தொழிலாளர் தீர்ப்பாயம் சொன்னது. ஏற்கெனவே வேலையில் இருப்பவரை வெறும் புகாரை வைத்துப் பட்டினி போட முடியாது, அது நியாயம்தான். ஆனால் வெளியிலிருந்து ஒருவரைப் புதிதாக வாங்குவது வேறு. விசாரணை முடியும்வரை காத்திருக்கிறோம் என்று சொல்ல எந்தக் கிளப்புக்கும் உரிமை உண்டு. தன்னை வாங்கியே ஆக வேண்டும் என்று கேட்கிற உரிமை எந்த ஆட்டக்காரருக்கும் கிடையாது.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மகளிடம் இந்தச் சட்ட விவகாரங்களையெல்லாம் எடுத்து வைக்காதீர்கள். அவளுடைய கேள்வி உங்களைப் பற்றியது. ஒருவன் பெண்ணை அடித்தான் என்று தெரிந்த பிறகும் அப்பாவுக்குக் கப்தான் முதலில் தோன்றியது என்பதை அவள் பார்த்துவிட்டாள். பதினேழு வயதில், நாளைக்குத் தனக்கு ஒன்று நடந்தால் அப்பா என்ன சொல்வார் என்று ஒரு பெண் யோசிக்க ஆரம்பித்துவிடுகிறாள். அவளிடம் போய், "அன்னைக்கு நான் அந்தப் பொண்ணைப் பத்தி யோசிக்கவே இல்லம்மா" என்று சொல்லுங்கள். அதன் பின்னால் "ஆனா" என்று ஒரு வார்த்தை வரக் கூடாது. பிறகு அவள் பேசட்டும், நீங்கள் குறுக்கிடாமல் கேளுங்கள். உடனே டி.வி. முன் வந்து உட்கார வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கிளப்பை விட்டுவிட வேண்டுமா என்றால், அவசரம் வேண்டாம். நீங்கள் நேசித்தது ஒரு ஊரை, ஒரு நிறத்தை, மகளோடு கழித்த இரவுகளை. அதை ஒரு மேலாளரின் கையெழுத்துக்காக நீங்கள் ஏன் இழக்க வேண்டும்? ஆனால் புது ஜெர்சி வாங்காமல் இருக்கலாம், அந்த ஆட்டக்காரர் கோல் அடிக்கும்போது கைதட்டாமல் இருக்கலாம். ஐரோப்பியக் கோப்பைகளில் ஆடும் கிளப்புகள் ரசிகர் தொடர்பு அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்பது 2012-13 சீசனிலிருந்து ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவின் விதி. உங்கள் கிளப் அந்த வரிசையில் இருந்தால் அவருக்கே எழுதலாம், இல்லையென்றால் கிளப் அலுவலகத்துக்கு. மகளுக்கு விருப்பமிருந்தால் இரண்டு பேருமாக உட்கார்ந்து எழுதுங்கள். இவரை எடுப்பது பற்றி உங்கள் பெண்கள் அணியிடம் கேட்டீர்களா, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். அடிபட்ட பெண்ணைப் பற்றி உங்கள் அறிவிப்பில் ஒரு வரியாவது இருக்குமா என்று கேளுங்கள். இன்னும் கையெழுத்தாகவில்லை என்கிறீர்களே, இந்த வாரமே அனுப்புங்கள்.